மோட்டார் கொட்டாயில் இருந்த பெட்டி

போன கார்த்திகையில ஒரு நாள் சாயங்காலம் மோட்டார் போடப் போனவன், கொட்டாய்க்குள்ள ஒரு பெட்டியைப் பார்த்தேன். அதைப் பத்தி எழுதலாமா வேண்டாமானு மூணு மாசம் யோசிச்சேன். கடைசியில சம்பந்தப்பட்டவன்கிட்டயே கேட்டேன். "எழுதுங்க மாமா. பேரு மட்டும் போடாதீங்க"ன்னான். போடல. என் அக்கா மகன் அவன். ஐடிஐயில ஃபிட்டர் படிச்சவன், வயசு இருபத்தி மூணு. இந்தப் பதிவு முழுக்க அவன் மாப்ளதான்.

பெட்டி நல்ல பெட்டி, அதை முதல்ல சொல்லிடணும். பழைய பிளைவுட்ல அடிச்சு, இரும்புக் கைப்பிடி வெச்சு, ஒரு கையில தூக்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. மூடியைத் திறந்து மடக்குனா சின்ன மேஜை. அதுல பழைய சாத்துக்குடி பிழியுற மிஷினை வெட்டி வெல்டு வெச்ச ஒரு நெம்புகோல். உள்ள சின்னச் சின்ன அறை. விதைக்குத்தான் ஏதோ செஞ்சிருக்கான்னு நெனச்சு எனக்குப் பெருமையா கூட இருந்துச்சு. அடி அறையைத் திறந்தா, பித்தளை அடியும் சிவப்பு பிளாஸ்டிக்குமா, சுட்டு முடிச்ச தோட்டாக் கூடு பத்து.

அப்பதான் புரிஞ்சுது. தீர்ந்த தோட்டாவைத் திரும்ப நிரப்புற பட்டறை அது. கொல்லைக்கு எடுத்துட்டுப் போற பட்டறை.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மாப்ளையைத் தனியா கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கல. "மருந்து இன்னும் வாங்கல மாமா. துப்பாக்கியும் இல்ல. முதல்ல மிஷினு சரியா வருதான்னு பாத்தேன்"னான். சொன்ன தோரணையைப் பார்த்தா ஏதோ டிராக்டருக்குக் கொழுவு செஞ்சவன் மாதிரி இருந்துச்சு.

*

டவுன்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி வரும். நல்லாப் படிச்ச பையனுக்கு இந்த வேலை எதுக்கு?

எங்க கொல்லை கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் போற பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்துல. ரெண்டரை ஏக்கர் மக்காச்சோளம், ஒரு ஏக்கர் குச்சிக்கிழங்கு. மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம் பாத்து காட்டுப்பன்னி இறங்கும். காலண்டர் வெச்சிருக்குமோன்னு தோணும். தாய்ப்பன்னி முன்னாடி, குட்டிங்க பின்னாடி. ஒரு கதிரைத் தின்ன நாலு செடியைச் சாய்க்கும். குச்சிக்கிழங்கு இன்னும் மோசம். மூக்காலேயே உழுதுட்டுப் போயிடும். காலையில போய்ப் பாத்தா யாரோ ஓசியில ஏர் ஓட்டுன மாதிரி இருக்கும்.

நாங்க செய்யாதது இல்ல. பழைய புடவையைச் சுத்திக் கட்டுனோம். சலூன்ல முடி வாங்கி வரப்புல தூவுனோம். அழுகுன முட்டை கரைச்சுத் தெளிச்சோம். ரேடியோவைப் பாட விட்டோம். ரெண்டு நாள் பயந்துச்சு, மூணாம் நாள் அது பாட்டுக்கு மேஞ்சுது. பரண் போட்டுத் தகரம் தட்டுனோம். கார்த்திகைப் பனியில பரண்ல உக்காந்து பாருங்க, அரிசி விலை எவ்வளவு நியாயம்னு தெரியும். போன வருஷம் ரெண்டரை ஏக்கர்ல ஒரு ஏக்கர் முழுசா போச்சு. அந்தக் காசுதான் அக்கா, மாப்ளைக்குக் கம்பெனி வேலைக்கு அட்வான்ஸ், ரூம் வாடகைன்னு ஒதுக்கி வெச்சிருந்தது. அவன் கோவத்துக்குக் காரணம் இருக்கு.

இன்னொண்ணும் இருக்கு. 2025 ஜனவரியில அரசு ஒரு முடிவு சொல்லுச்சு. காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள பன்னி வந்தா சுடக் கூடாது. ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுக்குள்ள விடணும். மூணு கிலோமீட்டருக்கு அந்தாண்ட வந்தா, பயிற்சி எடுத்த வனத்துறை ஆளுங்க சுடலாம். பேப்பர்ல படிச்சப்ப மாப்ள சிரிச்சான். எங்க கொல்லை காட்டு ஓரத்துல இருந்து அரைக் கிலோமீட்டர் கூட இல்ல. "பன்னிகிட்ட சொல்லி நம்ம கொல்லையத் தாண்டி இன்னும் ரெண்டரை கிலோமீட்டர் நடக்க வெக்கணும் மாமா"ன்னான்.

கேரளாவுல 2022ல இருந்தே பஞ்சாயத்துத் தலைவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்காங்க. துப்பாக்கி உரிமம் வெச்சிருக்கிறவங்களைப் பட்டியல் போட்டு, பயிரை அழிக்கிற பன்னியைச் சுட விடுறாங்க. அதையும் மாப்ள எடுத்துக் காட்டுவான். அவன் பேச்சுல பாதி நியாயம். மீதிப் பாதிதான் அந்தப் பெட்டி.

*

எங்க வீட்டுக்குத் துப்பாக்கி புதுசு இல்ல. தாத்தாகிட்ட ஒண்ணு இருந்துச்சு. குழல் வழியா மேல இருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி, பயிர்க் காவலுக்குன்னு முறையா உரிமம் வாங்குனது. 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்துலயே பயிர்க் காவலுக்கு இந்த மாதிரி துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கலாம்னு தனியா எழுதியிருக்கு. வெள்ளைக்காரன் 1878ல போட்ட சட்டத்துக்கு அடுத்து, சுதந்திர இந்தியா போட்ட சட்டம் அது.

தாத்தாகிட்ட ஒரு தோல் பை இருக்கும். அதுதான் அவரோட பட்டறை. மருந்துக்கு ஒரு மாட்டுக்கொம்பு, ஈயக்குண்டுக்குச் சுருக்குப் பை, கேப்பு வெக்க ஒரு தகர டப்பா, குழல் நீளத்துக்கு ஒரு கெட்டிக்குச்சி. ஒரு தடவை சுட்டா மறுபடி எல்லாத்தையும் முதல்ல இருந்து செய்யணும். அதுக்குள்ள பன்னி மலை ஏறி, குளிச்சு, தூங்கிடும். அதனால தாத்தா பன்னியைப் பாத்துச் சுட்டதைவிட வானத்தைப் பாத்துச் சுட்டதுதான் அதிகம். சத்தம்தான் காவல்.

அந்தப் பையை எங்களைத் தொட விட மாட்டார். பையை ஒரு இடத்துலயும் துப்பாக்கியை வேற இடத்துலயும் வெப்பார். மருந்து எடுக்குற அன்னைக்குப் பீடியை வீட்டுலயே வெச்சிட்டுப் போவார். அவரோட கூட்டாளி ஒருத்தருக்கு இடது கையில கட்டை விரல் கிடையாது. "பாத்துக்கடா, கண்ணளவுல போட்டவன் கை"ன்னு காட்டுவார். சின்ன வயசுல அந்தப் பெரியவர் டீ கிளாஸைப் பிடிக்கிற விதமே எனக்குப் பயமா இருக்கும்.

தேர்தல் வந்தா தாத்தா துப்பாக்கியைத் துணியில சுத்திக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போவார். ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு வருவார். தேர்தல் முடிஞ்சா போய் வாங்கிட்டு வருவார். அவர் செத்த கொஞ்ச நாள்ல அப்பா துப்பாக்கியையும் உரிமப் புத்தகத்தையும் கொண்டுபோய் ஒப்படைச்சிட்டார். "இருக்கட்டுமே"ன்னு சித்தப்பா சொன்னதுக்கு, "உரிமம் அவரு பேருல. அவரு போயிட்டாரு. அப்ப இது கள்ளத் துப்பாக்கி"ன்னார் அப்பா.

மலை மேல கதை வேற. கல்வராயன் மலை ரொம்ப காலம் மூணு ஜாகீரா இருந்துச்சு. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன்னு மூணு பேரோட ஆளுகை. 1976லதான் அரசு கைக்கு முழுசா வந்துச்சு. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை போட்டு, கடுக்காய் பொறுக்கி, காட்டோட வாழ்ந்தவங்க. பன்னியும் கரடியும் அவங்களுக்கு அடுத்த வீடு. உரிமம் இருக்கிற துப்பாக்கியும் இருந்துச்சு, இல்லாததும் இருந்துச்சு. உரிமம் இல்லாததை ஒப்படைச்சிடுங்கன்னு அப்பப்ப போலீஸ் சொல்லும். பேப்பர்ல படம் வரும்: தரையில வரிசையா துப்பாக்கி, பக்கத்துல கரிமருந்து, பால்ரஸ் குண்டு. அதைப் பாக்குறப்ப எல்லாம் எனக்குத் தாத்தாவோட தோல் பைதான் ஞாபகம் வரும். அதே சாமான்கள்தான். நடுவுல ஒரு உரிமப் புத்தகம்தான் வித்தியாசம்.

*

மாப்ளை அன்னைக்கு ராத்திரி விடாம பேசுனான். "அமெரிக்காவுல விவசாயிங்க எல்லாம் வீட்லயே தோட்டா நிரப்புறாங்க மாமா. வீடியோ நூறு இருக்கு. குடகுல வீட்டுக்கு வீடு துப்பாக்கி."

எனக்குத் தெரிஞ்ச ஒரு வக்கீல் இருக்கார், என்கிட்ட வாரா வாரம் காய் வாங்குறவர். மறுநாள் அவர்கிட்ட, யாருன்னு சொல்லாம, பொதுவா கேட்டேன். அவர் புத்தகத்தை எடுத்து நிதானமா படிச்சுக் காட்டுனார். சட்டத்துல 'வெடிபொருள் தோட்டா'ங்கிற சொல்லுக்கு விளக்கம் எழுதுறப்ப, தோட்டாவோட பாகங்களையும், தோட்டா செய்யுற இயந்திரத்தையும் அதுலயே சேர்த்திருக்காங்க. அதாவது மருந்து ஒரு பொட்டு இல்லன்னாலும், அந்த நெம்புகோல் வெச்ச பெட்டியே சட்டத்தோட கண்ணுக்குத் தோட்டா மாதிரிதான். உரிமம் இல்லாம செய்யுறதுக்குத் தண்டனை, 2019 திருத்தத்துக்கு அப்புறம், குறைஞ்சது ஏழு வருஷம். கூடுனா ஆயுள்.

"ஏழு வருஷம்"னு அவர் சொன்னப்ப எனக்குக் கை சில்லுன்னு ஆயிடுச்சு. மாப்ளைக்கு முப்பது வயசாயிடும்.

குடகு விஷயமும் சொன்னார். குடகு மக்களுக்கு வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே விலக்கு உண்டு, இப்ப அது 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்கு. ஆனா அது துப்பாக்கி வெச்சிக்கிறதுக்கான விலக்கு. வீட்டுல தோட்டா பட்டறை போடுறதுக்கு இல்ல. நம்ம ஊருல உரிமம் இருக்கிறவரே தோட்டாவைக் கடையில, புத்தகத்துல எழுதி, கணக்குப்படிதான் வாங்கணும். அதுல புனே பக்கத்துல கட்கி அரசுத் தொழிற்சாலையில செஞ்சதும் இருக்கும்.

அமெரிக்கா விஷயத்துக்கு நானே பதில் தேடுனேன். அங்க வீட்டுல நிரப்புறவங்க மருந்தை வீட்டுல செய்யுறது இல்ல. கம்பெனி மருந்து, எந்தத் துப்பாக்கிக்கு எந்த மருந்து எவ்வளவுன்னு அச்சடிச்ச அட்டவணை, நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு தராசு, எல்லாம் வெச்சிக்கிட்டு செய்யுறாங்க. அப்படியும் கை போனவங்க உண்டு. காரணம் எளிசு. தாத்தா காலத்துக் கரிமருந்து வேற, இப்பத் தோட்டாவுல இருக்கிற புகையில்லா மருந்து வேற. பாக்கக் கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரி இருக்கும். ஆனா கரிமருந்தோட அளவுல புகையில்லா மருந்தைப் போட்டா, குழாய் தாங்காது. வெடிக்கிறது பன்னி பக்கம் இல்ல, நம்ம கன்னத்துப் பக்கம்.

இதையெல்லாம் சொன்னேன். மாப்ள கேட்டுக்கிட்டான். ஆனா முகத்துல ஒத்துக்கிட்ட குறி இல்ல. "நான் ஃபிட்டர் மாமா. அளவு எனக்குத் தெரியும்"னான்.

*

அப்பதான் கருணாபுரம் பத்திப் பேசுனேன். பேசணும்னு நெனச்சுப் பேசல. வாயில வந்துடுச்சு.

கருணாபுரத்துக்கு நான் ரொம்ப வருஷமா போறேன். வாரத்துல மூணு நாள் எக்ஸெல்ல கீரையும் கத்திரிக்காயும் கட்டிட்டுப் போவேன். அங்க இருந்து அறுவடைக்கு ஆளுங்க நம்ம கொல்லைக்கு வருவாங்க. மூட்டை தூக்குறதுல ஒரு அண்ணன் கெட்டிக்காரர். மக்காச்சோள மூட்டையைத் தோள்ல வெச்சிக்கிட்டே என்னோட பேசிட்டு நடப்பார். மாப்ளைக்குச் சின்ன வயசுல பம்பரம் விடக் கத்துக் கொடுத்தவரு.

2024 ஜூன் மாசம் அங்க என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அறுபது பேருக்கு மேல செத்தாங்க. நான் அந்த வாரம் கீரை எடுத்துட்டுப் போகல. வெறும் வண்டியோட போனேன். தெருவுக்குத் தெரு சாமியானா. ஒரே தெருவுல மூணு வீட்டுல பறை. கோமுகி ஆத்தங்கரையில மழையில வரிசையா சிதை அடுக்குனாங்க. அந்த அண்ணனும் அதுல ஒருத்தர். மாப்ளையும் என்னோட வந்திருந்தான். விறகு நனையாம பிளாஸ்டிக் தாளைப் பிடிச்சிக்கிட்டு நின்னான்.

வெளியூர்ல இருந்து பாக்குறவங்க, 'கல்வராயன் மலைக் கள்ளச்சாராயம்'னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க. அன்னைக்குக் கொன்னது மலையில வெல்லம் போட்டுக் காய்ச்சுன சரக்கு இல்ல. தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால். பாக்கத் தண்ணி மாதிரி இருக்கும். குடிக்கிற சாராயத்துக்கும் அதுக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் வித்தியாசம் தெரியாது. உடம்புக்குள்ள போனதும் வேற விஷமா மாறி, முதல்ல கண் நரம்பைப் பிடிக்கும். அதனாலதான் ஆஸ்பத்திரியில பல பேர் 'கண்ணு தெரியல'ன்னு சொன்னாங்க.

நான் மாப்ளகிட்ட கேட்டேன்: "அதைக் கலந்தவன் என்னா சொல்லியிருப்பான்? 'அளவு எனக்குத் தெரியும்'னுதானே சொல்லியிருப்பான்?"

"அது சாராயம் மாமா. காசுக்காகச் செஞ்சது. இது வேற."

"வேறதான். அவன் காசுக்குக் கலந்தான், நீ கதிருக்குக் கலக்கப் போற. பாக்க ஒண்ணு மாதிரி இருக்கிற ரெண்டு சாமானை, பேர் ஒட்டாத டப்பாவுல இருந்து எடுத்து, வீட்டு மூலையில வெச்சு நிரப்புறது மட்டும் ஒண்ணுதான்."

அவன் எதுவும் பேசல. எழுந்து பரணுக்குப் போயிட்டான். சொல்லியிருக்கக் கூடாதோன்னு எனக்கு ராத்திரி முழுக்க உறுத்தல். கொலைகாரனோட சேர்த்துப் பேசுன மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு மணிக்கு ஃபிளாஸ்க்ல டீ எடுத்துட்டுப் பரணுக்குப் போனேன். தூங்காமத்தான் இருந்தான். டீயை வாங்கிக் குடிச்சான். ரொம்ப நேரம் கழிச்சு, "அந்த அண்ணனுக்கு நான் தாள் பிடிச்சேன்ல மாமா"ன்னான். "ஆமாடா"ன்னேன். அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசல. கீழ பன்னி உறுமுற சத்தம் கேட்டுச்சு. அவன்தான் முதல்ல தகரத்தை எடுத்துத் தட்டுனான்.

*

மறுநாள் காலையில பெட்டியைப் பிரிச்சோம். நெம்புகோலை அவனே கட்டர் போட்டுத் துண்டு துண்டா அறுத்தான். தோட்டாக் கூடு யாரோட உரிமத் துப்பாக்கியில இருந்து வந்துச்சோ அந்தப் பெரியவர்கிட்டயே திருப்பிக் கொடுத்தோம். பேரப்பிள்ளைங்க விளையாடட்டும்னு சும்மா கொடுத்தேன்னார். இனிமே யாருக்கும் கொடுக்காதீங்கய்யான்னு சொல்லிட்டு வந்தேன். அக்காகிட்ட இன்னைக்கு வரைக்கும் முழுசா சொல்லல. இதைப் படிச்சா தெரிஞ்சுக்கும்; நல்லவேளையா அது போன்ல சீரியல் மட்டும்தான் பாக்குது.

பன்னிப் பிரச்னை தீர்ந்துச்சான்னு கேட்டா, இல்ல. மின்சாரத்தை நேரா கம்பியில விடுறவங்க இருக்காங்க. நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். 2023 மார்ச்சுல தர்மபுரி மாரண்டஹள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில மூணு யானை செத்துச்சு. ரெண்டு குட்டி, செத்த தாயைச் சுத்திச் சுத்தி வந்த படத்தை நீங்களும் பாத்திருப்பீங்க. யானை மட்டும் இல்ல, ராத்திரி வரப்புல நடக்குற ஆளும் போயிடுவாங்க. பழத்துக்குள்ள வெடி வெக்குற அவுட்டுக்காயும் அப்படித்தான். பன்னிக்கு வெச்சதை மாடு கடிக்கும், வாய் கிழியும்.

நாங்க இந்த வருஷம் செஞ்சது இவ்வளவுதான். பக்கத்துக் கொல்லைக்காரங்க ஆறு பேர் சேர்ந்து காவலை முறை போட்டுக்கிட்டோம். முன்னாடி ஆளுக்கு ஒரு பரண்ல ஆளுக்கு ஒரு ராத்திரி முழிச்சோம். இப்ப ஆறு நாளைக்கு ஒரு நாள் முழிச்சா போதும். காட்டு ஓரத்து ரெண்டு பாத்தியில மக்காச்சோளத்தை விட்டுட்டு எள் போட்டோம். பயிர் சேதத்துக்குப் போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ. கையெழுத்து வாங்கி, வனத்துறைக்கு மனு கொடுத்திருக்கோம். முன்னாடி கோவத்துல அந்த மனுவையே நாங்க எழுதுறது இல்ல. பணம் இன்னும் வரல. வந்தா சொல்றேன்.

சேதம் குறைஞ்சிருக்கு. நிக்கல. போன வாரம் கூட கிழக்கு மூலையில அரைப் பாத்தி போச்சு.

பெட்டி இப்பவும் மோட்டார் கொட்டாயிலதான் இருக்கு. சின்னச் சின்ன அறையில மாப்ள விதை போட்டு வெச்சிருக்கான். ஒவ்வொரு அறைக்கும் சீட்டு ஒட்டி, பேரு, வருஷம், எங்க இருந்து வந்துச்சுன்னு எழுதியிருக்கான். மலையில இருந்து ஒரு பாட்டி கொடுத்த சாமை ஒரு அறை, தினை ஒரு அறை. அடி அறை மட்டும் காலியா இருக்கு. அதுல என்ன வெக்கலாம்னு கேட்டேன். "இருக்கட்டும் மாமா"ன்னான்.